நேர்முகத் தேர்வும் நான் சொன்ன பொய்யும்

மாதம் ஒருவராவது வந்துவிடுகின்றார். அஸர் தொழுகை முடிந்து, மத்ரஸாப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஓதத் தொடங்கும் நேரத்தில், வாசற்படியில் ஓர் இளைஞர் தயங்கி நிற்பார். ஒரு காலத்தில் இதே பாயில் அமர்ந்து என்னிடம் அலிஃப், பே கற்றவராக இருப்பார். "ஹஜ்ரத், நாளைக்கு இன்டர்வியூ. துஆச் செய்யுங்க" என்பார். நானும் கையேந்துவேன். அவர் 'ஆமீன்' சொல்லி, ஸலாம் கூறித் திரும்பும்போது, "கொஞ்சம் இரு தம்பி. உன் பயோடேட்டாவைக் காட்டு" என்பேன். துஆ கேட்டு வந்தவரிடம் இந்த மனிதர் ஏன் காகிதம் கேட்கின்றார் என்று அவர் விழிப்பார்.

அன்பு வாசகர்களே! இப்பழக்கம் எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எவரிடமும் சொல்லாதிருந்த காரணம். அதை இன்று உங்கள் முன் வைக்கின்றேன். நேர்முகத் தேர்வுக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்கு இது பயன்படுமானால், எனக்கு நேர்ந்த வெட்கம் வீண்போகவில்லை என்று ஆறுதல் கொள்வேன்.

நான் வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ. பட்டம் பெற்றவன். 2002-இல் பட்டம் கையில் வந்தது, வேலை வரவில்லை. அத்தாவுக்குக் கடைத்தெருவில் சிறிய தையற்கடை. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். 2003-ஆம் ஆண்டு, சென்னையிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து எழுத்தர் பணிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தபோது, எங்கள் வீட்டில் பெருநாள் வந்தது போலிருந்தது. அத்தா எனக்காக வெள்ளைச் சட்டை ஒன்றைத் தாமே தைத்தார். வாடிக்கையாளர் ஒருவரிடம் வழிச்செலவுக்குக் கடன் வாங்கினார்.

இரவுப் பேருந்தில் புறப்பட்டேன். கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. அங்கே இறங்கி, பக்கத்துப் பள்ளிவாசலில் பஜ்ரு தொழுதுவிட்டு, அங்கேயே கண்ணயர்ந்துவிட்டேன். அத்தா தைத்த சட்டை உடலிலேயே கசங்கிப் போயிற்று. பின்னர் முகவரி தேடி அலைந்தேன். சென்னை வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டென்பது எனக்குத் தெரியாது. கடிதத்திலிருந்த எண்ணைக் கொண்டு தெருவின் ஒரு முனையில் தேடினேன். நிறுவனமோ மறுமுனையில் இருந்தது. ஓடி வந்து சேர்ந்தபோது பத்து நிமிடம் தாமதம். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்திய நாளே சென்று இடத்தைப் பார்த்துவைக்க வேண்டும் என்று நான் இன்று பிள்ளைகளிடம் வற்புறுத்துவது இதனால்தான். வெளியூராயின், உறவினர் ஒருவரை அனுப்பியேனும் பார்த்துவரச் சொல்லுங்கள்.

உள்ளே மூவர் இருந்தனர். மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர், ஓர் அம்மையார், இளவயது அதிகாரி ஒருவர். தாமதத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்து அமரச் சொன்னார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன்: அவர்கள் என்னை மரியாதையோடுதான் நடத்தினார்கள்.

"வரலாறு படித்திருக்கிறீர்களே, அதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார் முதியவர். பானிபட் போர்களின் ஆண்டுகளை ஒப்புவித்தேன். 1526, 1556, 1761. அவர் புன்னகைத்து, "முதற்போரில் பாபரின் படை சிறியது, இப்ராஹீம் லோடியின் படை பெரியது. பிறகு பாபர் எப்படி வென்றார்?" என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. வண்டிகளைக் கயிற்றால் பிணைத்து அரணாக்கி, அவற்றினிடையே துப்பாக்கியையும் பீரங்கியையும் நிறுத்தி, இரு பக்கங்களிலும் குதிரைப் படையை வளைந்து தாக்கச் செய்த கதை என் பாடநூலில்தான் இருந்தது. தேர்வுக்கு ஆண்டுகளை மட்டும் மனனம் செய்திருந்தேன். மூன்றாண்டுகள் படித்த பாடத்தில் 'ஏன்' என்ற ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அதோடு முடிந்திருந்தால், மறதி என்று விட்டிருக்கலாம். அடுத்து இளைய அதிகாரி என் பயோடேட்டாவைப் பார்த்து, "கம்ப்யூட்டர் தெரியுமா? எம்.எஸ். ஆபீஸ் என்று போட்டிருக்கிறீர்களே" என்றார். அந்த வரியை நான் எழுதவில்லை. எங்கள் ஊர் டைப்பிங் நிலையத்துப் பையன், "எல்லாரும் இதைப் போடுறாங்க பாய்" என்று சொல்லிச் சேர்த்தது. ஆனால் அதன் கீழே கையெழுத்திட்டவன் நான். "தெரியும் சார்" என்றேன்.

பக்கத்து மேசைக்கு அழைத்துச் சென்று, ஒரு கடிதத்தைக் கொடுத்து, அதைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். கணினியின் எதிரே நான் அமர்ந்தது வாழ்நாளில் அதுவே முதன்முறை. திரையில் எங்கே தொடுவது என்று தெரியாமல் மவுஸைக் கையில் தூக்கிப் பிடித்தேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகின்றது. ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மையார் எழுந்து வந்து, தாழ்ந்த குரலில், "தெரியாது என்று சொல்லியிருக்கலாமே தம்பி. ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவார் என்று நாங்களே முடிவு செய்திருப்போம். தெரியாததைத் தெரியும் என்றவரிடம் எப்படிக் கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பது?" என்றார்.

இரவுப் பேருந்தில் ஊர் திரும்பினேன். அத்தா பஜ்ரு முடித்துப் பள்ளிவாசல் திண்ணையிலேயே எனக்காகக் காத்திருந்தார். "என்னத்தா ஆச்சு?" என்றார். கசங்கிய அந்தச் சட்டையை அவர் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம பேரைப் பார்த்தாங்க அத்தா. அவ்வளவுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வழிநெடுகத் திட்டமிட்டு வந்ததன்று. வாயில் வந்தது. சொன்னவுடன் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அதுதான் இதில் கொடுமை. குற்றம் என்னிடமிருந்து நீங்கி, முகம் தெரியாத யார் மீதோ போய்ச் சேர்ந்தது. அத்தா என் தோளில் கைவைத்து, "விடுத்தா. அல்லாஹ் வேற வழி காட்டுவான்" என்றார். கடன் வாங்கிய பணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

பொய் அங்கேயே நின்றிருந்தால் அது எனக்கும் என் இறைவனுக்கும் இடையிலான கணக்கு. அது நிற்கவில்லை. அத்தா தம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மனம் நொந்து சொன்னார். அது பள்ளிவாசல் திண்ணைக்கும் தேநீர்க் கடைக்கும் சென்றது. எங்கள் தெருக்கோடியில் ஒருவர் இருந்தார். என்னினும் ஓராண்டு மூத்தவர், பி.காம். படித்தவர். அவரை நான் அண்ணன் என்றே அழைப்பது வழக்கம். அதே நிறுவனத்தின் திருச்சிக் கிளைக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார். அவருக்கும் கடிதம் வந்திருந்தது. என் செய்தி கேட்டதும், "அவங்க நமக்கா கொடுக்கப் போறாங்க?" என்று சொல்லி, அவர் நேர்முகத் தேர்வுக்கே செல்லவில்லை. அவ்வாண்டே நிக்காஹ் முடித்து, சவூதிக்குச் சென்றார். கணக்குப் படித்த மனிதர், ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணிப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தார்.

நான் அதன் பின்னரே அரபுக் கல்லூரியில் சேர்ந்து, ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்றேன். அத்தா 2011-இல் மௌத்தானார். தம் மகனுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகவே நம்பி அவர் சென்றார்.

வாசகர்களே! பெயரையும் தாடியையும் முக்காட்டையும் பார்த்து ஒதுக்குவோர் இல்லை என்று நான் கூற வரவில்லை. இருக்கின்றார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர்களை நானறிவேன். அவர்கள் வேதனை பொய்யன்று. அதனாலேயே என் பொய் இரட்டைக் குற்றமாகின்றது. உண்மையில் அநீதிக்குள்ளானவனின் முறையீட்டை நான் என் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொண்டேன்.

நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை 2006-இல் வெளிவந்தபோது, நம் ஏடுகளும் மேடைகளும் அதிலிருந்து ஒரு புள்ளிவிவரத்தை அடிக்கடி எடுத்துக் கூறின: ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 சதவீதமே என்று. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் குடிமைப் பணித் தேர்வு எழுதியவர்களில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம்தான், ஆனால் எழுதியவர்கள் வெற்றி பெறும் விகிதம் ஏறத்தாழ மற்றவர்களைப் போன்றதே. இரண்டாவது செய்தியை மேடையில் நான் அதிகம் கேட்டதில்லை. போகாமலேயே திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது எனக்குத் தெருக்கோடி அண்ணனின் முகம்தான் தோன்றும்.

அந்த அண்ணன் ஊர் திரும்பி, இப்போது மளிகைக் கடை வைத்திருக்கின்றார். அவருடைய மூத்த மகள் பி.காம். முடித்திருக்கின்றாள். இவ்வாண்டு அவளுக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து கணக்கர் பணிக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. தந்தையும் மகளுமாக என் வீட்டுக்கு வந்தனர். "ஹஜ்ரத், துஆச் செய்யுங்க" என்றார் அண்ணன். கையேந்தினேன். பிறகு வழக்கம்போல, "பயோடேட்டாவைக் காட்டம்மா" என்றேன். நான்கு மாலைகள் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தோம். அவள் தந்தையும் என் மனைவியும் உடனிருந்தனர். அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கின்றேன்.

முதல் மாலை முழுவதும் சான்றிதழ்களிலேயே கழிந்தது. இது நம் சமுதாயத்துக்கே உரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரிலுள்ள 'முஹம்மது' ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும், ஆதாரில் வேறுவிதமாகவும், கல்லூரிப் பட்டத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. ஒன்றில் 'ஓ', ஒன்றில் 'யூ', ஒன்றில் இரண்டு 'எம்'. தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். 'பீவி' ஓரிடத்தில் ஒட்டியும் ஓரிடத்தில் பிரிந்தும். தனியார் நிறுவனத்தில் இதை விளக்கிச் சமாளிக்கலாம். அரசுப் பணியிலும் வெளிநாட்டு விசாவிலும் இதுவே மதிலாக நின்றுவிடும். பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகுமுன்பே எல்லா ஏடுகளிலும் பெயர் ஒன்றாக இருக்கின்றதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு திருத்த வேண்டுமாயின் விண்ணப்பம், அரசிதழ் அறிவிப்பு என்று நீண்ட வழி நடக்க வேண்டும். சாதிச் சான்றும் அப்படியே. தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 3.5 சதவீத ஒதுக்கீடு தனியே இருக்கின்றது. மாநில அரசுப் பணிக்கு அந்தச் சான்று; மத்திய அரசுப் பணிக்கு ஓ.பி.சி. சான்று வேறு. கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவோரை ஆண்டுதோறும் பார்க்கின்றேன்.

இரண்டாம் மாலை அவளுடைய பயோடேட்டாவை வரிவரியாகப் படித்தேன். இரண்டு பக்கத்தில் இருந்தது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'நூல்கள் படித்தல்' என்றிருந்தது. "கடைசியாகப் படித்த நூல் எது?" என்றேன். மௌனம். "அப்படியானால் இதை அடித்துவிடு" என்றேன். 'டேலி' தெரியும் என்றிருந்தது. "ஒரு கொள்முதலை அதில் எப்படிப் பதிவாய்?" என்றேன். அவள் தயங்காமல் சொன்னாள். கல்லூரி முடித்து மூன்று மாதம் பயிற்சி பெற்றிருக்கின்றாள். "இது இருக்கட்டும்" என்றேன். எழுதிய ஒவ்வொரு வரியும் நம்மை நோக்கி வரும் ஒரு கேள்வி. பதில் சொல்ல முடியாத வரியைப் பயோடேட்டாவில் வைத்திருப்பது, நாமே நமக்குக் குழி வெட்டிக்கொள்வது.

மூன்றாம் மாலை பாடம். என்னிடம் கணக்குப் பாட அறிவு இல்லை. ஆகவே அண்ணனே கேள்வி கேட்டார். இருபது ஆண்டுகளாகப் பேரேட்டைத் தொடாத மனிதர், "ரொக்க ஏட்டில் ஓர் இருப்பு இருக்கு, பேங்க் அறிக்கையில வேற இருப்பு இருக்கு. எது தப்பு?" என்று கேட்டாரே, அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! மகள், "ரெண்டுமே தப்பா இருக்கணும்னு இல்லத்தா. நாம கொடுத்த காசோலை இன்னும் பேங்க்குக்குப் போகாம இருக்கலாம். பேங்க் பிடிச்ச கட்டணம் நம்ம ஏட்டுல ஏறாம இருக்கலாம். சரிக்கட்டும் பட்டியல் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள். பிறகு ஜி.எஸ்.டி. வந்தது. மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி, மாநில வரி என இரண்டாகப் பிரியும். வெளிமாநிலத்துக்கு விற்றால் ஒருங்கிணைந்த வரி என ஒன்றாக நிற்கும் என்று மகள் தந்தைக்குச் சொல்லிக் கொடுத்தாள். 2017 ஜூலையில் வந்த வரி அது. அண்ணன் படித்த காலத்தில் இல்லை. அவர் கேட்ட கேள்விகளெல்லாம் 'எத்தனை' என்று கேட்காமல் 'ஏன்' என்று கேட்டன. பானிபட்டை நினைத்துக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வு என்றாலே அது நினைவாற்றலைச் சோதிப்பது என்று நம் பிள்ளைகள் கருதுகின்றார்கள். நினைவாற்றலைச் சோதிக்க எழுத்துத் தேர்வு போதும். மத்திய அரசுகூட 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே நீக்கிவிட்டது. இந்த மனிதரோடு தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா, இவர் கையில் பெட்டிச் சாவியைக் கொடுக்கலாமா என்பதை அறியவே முகத்தைப் பார்க்கின்றார்கள். மத்யனில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தும்படி அந்தப் பெரியவரின் மகள் தந்தையிடம் பரிந்துரைத்த வரலாற்றைக் குர்ஆன் கூறுகின்றது. அப்பெண்மணி எடுத்துரைத்த தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகம். யூசுப் (அலை) அவர்களோ, களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தருமாறு அரசரிடம் தாமே கேட்டார்கள். தாம் பாதுகாக்கவும் வல்லவர், அத்துறை அறிந்தவரும்கூட என்று கூறினார்கள். தன் தகுதியைத் தானே சொல்வது பெருமையடித்தலாகாதா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். இருப்பதை, கேட்ட இடத்தில், தேவையான அளவு சொல்வது பெருமையன்று என்றேன்.

யமன் நாட்டுக்கு முஆது (ரலி) அவர்களை அனுப்பும்போது நாயகம் (ஸல்) அவர்கள், எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என வினவிய செய்தி ஹதீஸ் நூல்களில் வருகின்றது. அல்லாஹ்வின் வேதத்தைக் கொண்டு என்றார்கள். அதில் காணாவிடில்? தூதரின் வழிமுறை கொண்டு. அதிலும் காணாவிடில்? முயன்று ஆராய்ந்து முடிவு செய்வேன் என்றார்கள். அவர்கள் 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்று கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். தெரியாத நிலை வந்தால் என்ன செய்வேன் என்பதையே வரிசையாகக் கூறினார்கள். சென்னையில் அந்த அம்மையார் என்னிடம் எதிர்பார்த்ததும் அதுதான். ஏழாண்டு ஓதிய பிறகே எனக்கு அது விளங்கிற்று.

நான்காம் மாலை ஒத்திகை. நான் நடுவில், என் மனைவி ஒருபுறம், அண்ணன் மறுபுறம். உள்ளே வருவது, ஸலாமோ வணக்கமோ சொல்வது, அமரச் சொன்ன பிறகு அமர்வது, நாற்காலி நுனியில் தொங்காமல் உட்காருவது இவையெல்லாம் பத்து நிமிடத்தில் படிந்துவிடும். கடினமாக இருந்தது, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதுதான். அவள் தன் பெயர், தந்தை பெயர், ஊர் என்று தொடங்கினாள். அதெல்லாம் அவர்கள் கையிலுள்ள தாளிலேயே இருக்கின்றது. "என்ன படித்தாய், அதில் எதை நன்றாகச் செய்வாய், இந்த வேலைக்கு அது எப்படி உதவும். மூன்றே செய்தி, இரண்டு நிமிடம்" என்றேன். ஐந்து முறை சொல்லச் சொன்னேன். ஐந்தாம் முறை ஒப்புவிப்பது போலாகிவிட்டதால், நான்காம் முறையே போதுமென்று நிறுத்தினேன்.

என் மனைவி அதுவரை பேசாமலிருந்தவள், சட்டென்று, "நாளைக்குக் கல்யாணம் ஆயிட்டா வேலையை விட்டுட்டுப் போயிடுவியே, உன்னை எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டாள். பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. பெண் பிள்ளைகளிடம் இக்கேள்வி கேட்கப்படுகின்றது, கேட்பது சரியன்று, ஆயினும் அங்கே அமர்ந்து சண்டையிட முடியாது. கொஞ்சம் யோசித்து அவள், "இப்ப நான் வேலை செய்யணும்னுதான் வந்திருக்கேன். என் வீட்டுலயும் அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் அனுப்பியிருக்காங்க. விட வேண்டி வந்தா முன்கூட்டியே சொல்லி, கணக்கை முழுசா ஒப்படைச்சிட்டுத்தான் போவேன்" என்றாள். நானாக இருந்தால் இத்தனை நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

முக்காட்டைப் பற்றியும் அவளுக்குக் கவலை இருந்தது. தூய்மையாக, ஊசி குத்தி, நேர்த்தியாக அணிந்து செல் என்றேன். லுஹர் தொழ இடம் கேட்கலாமா என்றாள். உணவு இடைவேளையில் பத்து நிமிடம் தொழுதுகொள்வேன் என்று, வேலை உறுதியான பிறகு, இயல்பாகக் கேள். நம் ஆண்பிள்ளைகளும் ஜும்ஆ நேரத்தை இப்படியே கேட்டுக்கொள்ளலாம். முதல் கேள்வியாக வைக்க வேண்டியதில்லை, மறைத்துவைத்துப் பிறகு தகராறு செய்யவும் வேண்டியதில்லை. சம்பளத்தைக் கேட்டால், 'நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்' என்று சொல்லாதே. பக்கத்து நிறுவனங்களில் இவ்வேலைக்கு என்ன தருகின்றார்கள் என்று விசாரித்து, ஒரு தொகையைச் சொல் என்றேன். அண்ணன் அன்றிரவே இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டார்.

ஒன்று சொல்ல மறந்தேன். வளைகுடா வேலைக்கென்று நகரத்து விடுதிகளில் நடக்கும் நேர்முகத் தேர்வுகளுக்குச் செல்லும் பிள்ளைகள், அழைத்த முகவர் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டே செல்ல வேண்டும். தேர்வுக்கு முன்பே பணமும் பாஸ்போர்ட்டும் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு முந்திய இரவு. மகளும் என் மனைவியும் உள்ளே இருந்தனர். அண்ணனும் நானும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவர், "என்னதான் படிச்சுட்டுப் போனாலும், கடைசியில பேரைப் பார்ப்பாங்களோ ஹஜ்ரத்? உங்களுக்கு நடந்த மாதிரி" என்றார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். மவுஸைத் தூக்கிப் பிடித்ததையும், அம்மையார் சொன்னதையும், அத்தாவிடம் சொன்னதையும். சொல்லி முடித்து, "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. உங்க வாழ்க்கையை..." என்று தொடங்கினேன். குரல் நின்றுவிட்டது.

அவர் நெடுநேரம் தெருவையே பார்த்திருந்தார். தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது. பிறகு, "என் பயோடேட்டாவையும் அதே பையன்தான் அடிச்சுக் கொடுத்தான்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. எழுந்து செல்லும்போது, "காலையில முதல் பஸ்ஸுக்கே கூட்டிட்டுப் போயிடுறேன். இடத்தை நேத்தே பார்த்து வச்சிட்டேன்" என்றார்.

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு இருவரும் நேரே என் வீட்டுக்கு வந்தனர். பிள்ளை நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். டேலியில் உட்கார வைத்தார்களாம், பிழையின்றிச் செய்தாளாம். சரிக்கட்டும் பட்டியல் கேட்டார்களாம். மூலத்தில் பிடிக்கும் வரியில் ஒரு பிரிவைக் கேட்டபோது தெரியவில்லையாம். "அது எனக்குத் தெரியலை சார், விகிதப் பட்டியலைப் பார்த்துத்தான் செய்வேன்னு சொல்லிட்டேன் ஹஜ்ரத்" என்றாள். இதை அவள் சொன்னபோது அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

சிறிது நேரம் கழித்து அவர், தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பேரைப் பத்தி ஏதாவது கேட்டாங்களாம்மா?" என்றார்.

"கேட்டாங்கத்தா. எப்படி உச்சரிக்கணும்னு கேட்டாங்க. ரெண்டு தடவை சொல்லிக் காட்டினேன்" என்றாள்.

இதை எழுதும் நாள்வரை அந்தத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வரவில்லை. அடுத்த வாரம் தஞ்சாவூரில் இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கின்றது. வரி விகிதப் பட்டியல் ஒன்றை அண்ணன் வாங்கி வந்து, கடையில் கல்லாப் பெட்டியின் மேல் வைத்திருக்கின்றார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.